சனிக்கிழமை மாத்திரை

அம்மா எப்போதும் என்னை முன்னால் நடக்கவிட்டுத்தான் பின்னால் வருவாள். கோயிலுக்குப் போனாலும் சரி, பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட வந்தாலும் சரி, கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, "நீ முன்னாடி போ" என்பாள். மற்ற பெண்கள் அம்மாவின் கையையோ புடவைத் தலைப்பையோ பிடித்துக்கொண்டு போவார்கள். நான் மட்டும் நாலடி முன்னால், போலீஸ்காரர் பின்தொடரும் திருடன் மாதிரி போய்க்கொண்டிருப்பேன். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் எனக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. என்னை நம்பாமல் வேவு பார்க்கிறாள் என்றே நினைத்தேன். ஒருநாள் நடுவீதியில் நின்று திரும்பி, "நான் என்ன மாடா, பின்னாலேர்ந்து ஓட்டிண்டு வரே?" என்று கத்தினேன். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "நடடி" என்றாள். நடந்தேன்.

கோபம் எனக்கு அப்போதிலிருந்தே மூக்கு நுனியில்தான். இருபத்தாறு வருஷமாகத் திருச்சியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். சாக்பீஸ் எறிவதை நிறுத்திப் பத்து வருஷம்தான் ஆகிறது. "ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்" என்று பிள்ளைகளை மிரட்டுவேன். அவர்களும் சொல்வார்கள். அந்த ஒரு வரியை நானே மறந்துபோன கதையைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் இப்போது குடியிருக்கும் ஃபிளாட் இருக்கும் இடத்தில்தான் எங்கள் பழைய வீடு இருந்தது. ஸ்ரீரங்கத்தில், கோயிலின் வடக்குப் பக்கத்து வீதி ஒன்றில், ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. வாசலில் நின்றால் கொல்லைக் கதவு நேராகத் தெரியும். நடு அறைகளில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். அந்த இருட்டையெல்லாம் தாண்டிப் போனால் கொல்லையில் கண்ணைக் கூசவைக்கும் வெயில். ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல், வெந்நீர் அடுப்பு, குளியலறை. இவ்வளவுதான் கொல்லை. ஆனால் எனக்கு ஞாபகம் என்று ஒன்று தொடங்குவதே அங்கேதான்.

நாலைந்து வயது இருக்கும். காலையில் அம்மா என்னைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போவாள். குளியலறை ஜன்னல் மேடையில் சலவைச் சோடாவுக்குப் பின்னால் ஒரு பாட்டில் இருக்கும். அதிலிருந்து ஒரு ஸ்பூன் ஊற்றி, என் மூக்கைப் பிடித்து, வாயில் விட்டுவிடுவாள். கொழகொழவென்று தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்கும். அந்த நாற்றத்துக்கு எனக்கு அப்போது பெயர் தெரியாது. "கஷாயம்டி, முழுங்கு" என்பாள். விழுங்கியவுடன் வெல்லக்கட்டி ஒன்று கிடைக்கும். அதற்கப்புறம் அம்மா கிணற்றில் நீர் இறைத்துத் தலையோடு ஊற்றிக்கொள்வாள். ஏற்கனவே விடியற்காலையில் ஒருமுறை குளித்தவள்தான், இது இரண்டாவது குளியல். மார்கழிக் குளிரிலும் இதை விட்டதில்லை. ஈரப் புடவையோடு அவள் சமைக்கத் தளிகை உள்ளுக்குள் போவதைப் பார்த்து, இந்த ஆத்து நாட்டுப்பெண்ணின் மடி ஆசாரத்தைப் போல வீதியில் வேறு யாருக்கும் வராது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்களாம்.

பத்து மணிக்கு மேல் வெயில் கொல்லையில் முழுதாக விழும். அப்போது என் பாவாடையைக் கழற்றிவிட்டு, கை கால் முதுகெல்லாம் நல்லெண்ணெய் தடவி, துவைக்கிற கல்லின் மேல் உட்கார வைப்பாள். கல் சுடும். நான் எழுந்து ஓடப் பார்ப்பேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்வாள். என் கால்களை மடியில் போட்டுக்கொண்டு, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீவிக்கொண்டே இருப்பாள். கிணற்றடி ஈரத்திலிருந்து எழும் வாசனை, வெயிலில் காயும் என் தலைமுடி, அம்மாவின் கை. சும்மா உட்கார்ந்திருக்கும் நேரங்களில் இப்போதும் அது திரும்ப வருகிறது. அந்த இடத்தை இடித்தபோது நான் பார்க்கப் போகவில்லை, போக மனசு வரவில்லை.

அப்பா காலமான பிறகு வீட்டை ஒரு பில்டரிடம் கொடுத்தோம். கீழே கார் நிறுத்தும் இடம், மேலே வீடுகள். எங்களுக்கு முதல் மாடியில் ஒன்று கிடைத்தது. அம்மா என்னோடு வந்து சேர்ந்துகொண்டாள். என் வீட்டுக்காரர் காலையிலேயே கைலாசபுரம் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறிவிடுவார், நான் பள்ளிக்கூடத்துக்கு. பகல் முழுவதும் அம்மா தனியாக, சாத்திய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். கண்ணாடி வழியாக அவள் பாதத்தில் வெயில் விழும். "நன்னா வெயில் காயறேன்" என்பாள். விடியற்காலை ஆறு மணி வெயில் உடம்புக்கு நல்லது என்று யாரோ வாட்ஸப்பில் அனுப்பிவைக்க, அந்த நேரத்தில் பால்கனியில் நின்று சூரியனைக் கும்பிட்டுவிட்டும் வருவாள். ஆறு மணி வெயிலிலும் கண்ணாடி தாண்டி வரும் வெயிலிலும் வைட்டமின் டிக்கு வேண்டிய கதிர் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வீட்டில் சொல்லத் தோன்றவில்லை.

எழுபது தாண்டிய மூன்றாம் வருஷம் அம்மாவுக்கு நடை மாறியது. இடுப்பில் வலி என்றாள். வயசு என்று நினைத்தேன். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. அப்புறம் அதுவும் முடியாமல் யாராவது தூக்கிவிட வேண்டியதாயிற்று. அம்மாவுக்கு இந்த உலகத்தில் பெரிய ஆசை எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வடக்கு வாசல் வழியாக நடந்து போய்த் தாயார் சன்னிதியில் சேவித்துவிட்டு வர வேண்டும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள் முதல் செய்கிற காரியம். அது நின்றுபோயிற்று. "ஆட்டோ கூப்பிடறேம்மா, வாசல்லேர்ந்து சக்கர நாற்காலியில போகலாம்" என்றேன். "தாயார் கிட்ட உருண்டுண்டா போவேன்? நடந்து வந்தா சேவிக்கறேன். இல்லேன்னா இங்கேர்ந்தே" என்று கோயில் பக்கம் கைகூப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமைகளில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

நானே ஒரு லேபில் இரத்தம் கொடுக்க வைத்தேன். கால்சியம் சரியாக இருந்தது. அப்பாடா என்று விட்டுவிட்டேன். இங்கேதான் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இதே விஷயத்தை வருஷா வருஷம் பலகையில் வரைகிறவள் நான்.

தோலில் வெயில் படும்போது உள்ளேயிருக்கும் ஒரு கொழுப்புப் பொருள் வைட்டமின் டியாக மாறுகிறது. அது அப்படியே வேலைக்கு ஆகாது. இரத்தத்தோடு கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றம், அங்கிருந்து சிறுநீரகத்துக்குப் போய் இன்னொரு மாற்றம். மூன்று ஆபீஸில் கையெழுத்து வாங்கின ஃபைல் என்று நான் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்புறம்தான் அது குடலுக்குப் போய், சாப்பாட்டில் வரும் கால்சியத்தை உள்ளே வாங்க வைக்கும். டி குறைந்தால் குடல் வாங்காது. ஆனால் இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் இரத்தத்தில் கால்சியம் குறையவே கூடாது. அதைக் காவல் காப்பதற்கென்று கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், அரிசி மணி அளவில் நாலு சுரப்பிகள் இருக்கின்றன. கொஞ்சம் குறைந்தாலும் அவை பதறும். கால்சியத்தை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்தில் போடச் சொல்லும். அதனால் இரத்தத்தைப் பரிசோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். எலும்புதான் உள்ளே கரைந்துகொண்டிருக்கும்.

இத்தனையும் தெரிந்த நான், ஒரு காகிதத்தில் கால்சியம் சரி என்று பார்த்துவிட்டு அம்மாவை இன்னும் நாலு மாசம் வலியோடு உட்கார வைத்திருந்தேன்.

கடைசியில் புத்தூரில் ஓர் எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. பொறுமையாகப் பேசினார். போனவுடன் நான் என் பெருமையைச் சொல்லியாயிற்று. "நான் பயாலஜி டீச்சர் டாக்டர். எங்கிட்ட நீங்க விரிவாவே சொல்லலாம்." அவர் சிரித்துக்கொண்டு, டியையும் அந்த நாலு சுரப்பிகளின் ஹார்மோனையும் பார்க்கச் சொன்னார். டி ஒற்றை இலக்கத்தில் இருந்தது. ஹார்மோன் எங்கேயோ ஏறிக் கிடந்தது.

"எலும்பு ரொம்ப மென்மையா ஆயிருக்கு. தசையும் அதனாலதான் பலம் இல்லாம இருக்கு" என்றார் டாக்டர். "இது சரி பண்ணக்கூடியதுதான், பயப்படாதீங்க. ஆனா அதுக்குள்ள கீழ விழுந்துடக்கூடாது. விழுந்தா இடுப்பு போயிடும். அப்புறம் நடக்கறது கஷ்டம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ஏதாவது ஒரு கிழமையை வச்சுக்குங்க, மறக்காம இருக்கும். சாப்பிட்ட பிறகு போடணும்." உள்ளே எண்ணெய் மருந்து இருக்கும் மெத்தென்ற மாத்திரை அது. அதன் மேல்தோல் பெரும்பாலும் மிருகத்தின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் பொருளால் செய்வது. எனக்குத் தெரியும். வெங்காயம்கூட உள்ளே வராத தளிகை அம்மாவுடையது. மருந்துதானே என்று வாயை மூடிக்கொண்டேன். எந்தக் கிழமைம்மா என்று நானே கேட்டு, நானே பதிலும் சொன்னேன். "சனிக்கிழமை வச்சுக்கோ. பெருமாள் நாள், உனக்கு மறக்கவே மறக்காது." அட்டையின் மேல் பேனாவால் சனி என்று பெரிதாக எழுதியும் கொடுத்தேன்.

அம்மா சனிக்கிழமை உபவாசம் இருப்பவள். எனக்கு விவரம் தெரிந்த நாளாக. காலையில் துளசித் தீர்த்தம், அப்புறம் வெறும் தண்ணீர், சாயங்காலம் விளக்கேற்றினபின் இரண்டு வாழைப்பழம். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, நெய் கிடையாது, பால்கூடக் கிடையாது. ஐம்பது வருஷமாகக் கண்ணெதிரே நடக்கிற விஷயம். தினமும் பார்க்கிற சுவர்க் கடிகாரத்தின் சத்தம் காதில் விழாதே, அந்த மாதிரி எனக்கு அது உறைக்கவே இல்லை.

மூன்று மாசம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தோம். டி நகர்ந்த மாதிரியே இல்லை. டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குடலில் ஏதாவது கோளாறு இருக்குமா, இன்னும் சில டெஸ்ட் பார்க்கலாமா என்று எழுதப் போனவர், பேனாவை வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"மாத்திரையை எப்படி சாப்பிடறீங்கம்மா?"

"சனிக்கிழமை சனிக்கிழமை, ஒரு வாரம் தப்பாம. விடிஞ்சதும் தீர்த்தத்தோட."

"அதுக்கு முன்னாடி என்ன சாப்பிடுவீங்க?"

"சனிக்கிழமை நான் ஒண்ணும் சாப்பிடமாட்டேனே. உபவாசம்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். அவர் ஒன்றும் சொல்வதற்கு முன்பே என் வாய் தானாக, வகுப்பில் ஒப்பிக்கிற குரலில், "கொழுப்பில் கரையும்" என்றது. எண்ணெயோ நெய்யோ கலந்த சாப்பாடு வயிற்றில் இருந்தால்தான் அந்த மருந்து சரியாக உள்ளே ஏறும். காலி வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட்டால் பெரும்பகுதி அப்படியே போய்விடும். பிள்ளைகள் பரீட்சையில் இதைத் தப்பாக எழுதினால் சிவப்பு மையில் அடித்துவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்பேன்.

"இது மட்டுமே காரணமான்னு சொல்ல முடியாது டீச்சர். ஆனா முதல்ல இதை மாத்திப் பார்ப்போம். வேற கிழமைக்கு மாத்துங்க, மதியம் நல்லா சாப்பிட்ட பிறகு குடுங்க" என்றார். அவர் டீச்சர் என்றது குத்தலாக இல்லை. எனக்குத்தான் குத்தியது.

ஆட்டோவில் வரும்போது அந்தக் குத்தலையெல்லாம் அம்மாவின் மேல் திருப்பினேன். என் தப்பு என்று தெரிந்தால் எனக்கு அடுத்தவர் மேல்தான் கோபம் வரும். "கிழமையை மாத்தறது இருக்கட்டும். இந்த வயசுல எதுக்கு உபவாசம்? பால் குடி, தயிர் சாப்பிடுன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கறா. வாரத்துல ஒரு நாள் பட்டினி கிடந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? பெருமாள் வந்து கேட்டாரா உன்னை?" காவிரிப் பாலத்தில் ஏறும்போதும் நான் நிறுத்தவில்லை. ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மா கோபுரம் தெரிந்ததும் கைகூப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கண்ணாடிக் கதவருகே உட்கார வைத்தேன். இன்னும் என் வாய் ஓயவில்லை. "யாருக்காக இருக்கே இந்த உபவாசம்? அதையாவது சொல்லு."

"உனக்காகத்தான்."

"எனக்கா? எனக்கு என்ன கேடு?"

அம்மா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகு, காய்கறி நறுக்கிக்கொண்டே ஊர் விஷயம் பேசுகிற குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

"நீ எட்டு மாசத்துலயே பொறந்தே. காத்துப் படப்படாது, கண் படப்படாதுன்னு ரெண்டு வருஷம் நடு உள்ளுலயே வச்சிருந்தோம். வெயிலே பாக்கலை நீ. எழுந்து நடக்க ஆரம்பிச்சப்போ கால் ரெண்டும் வில்லாட்டம் வளைஞ்சிருந்தது. தாங்கித் தாங்கி நடப்பே. புத்தூர்ல ஒரு பெரிய டாக்டர் பார்த்தார். எலும்பு இறுகலை, வெயில்ல போடுங்கோ, மீன் எண்ணெய் குடுங்கோன்னார். உங்கப்பா கிட்ட வெயிலை மட்டும் சொன்னேன்."

"கஷாயம்னியே" என்றேன்.

"வேற என்னன்னு சொல்றது? நானே பஸ் ஏறி அக்கரைக்குப் போய் வாங்கிண்டு வந்தேன். பாட்டில் மேல மீன் படம் ஒட்டியிருந்தது. ஊறவச்சு உரிச்சு எடுத்துட்டேன். பூஜை உள்ளுல பெருமாள் ஏளியிருக்கற ஆம். உள்ள வைக்க முடியுமோ? அதான் கொல்லையில. உனக்குக் குடுத்துட்டு ஸ்நானம் பண்ணிட்டுத்தான் தளிகை உள்ளுக்குப் போவேன். ஒன்றரை வருஷம் குடுத்தேன். கால் நேராச்சு. ஆனா மனசு கேக்கலை. குழந்தை வாயில, அது அறியாம, போட்டுட்டோமேன்னு. அதான் பெருமாள் கிட்ட சொல்லிட்டேன். குழந்தை மேல தோஷம் வேண்டாம், நான் சனிக்கிழமை உபவாசம் இருந்துடறேன்னு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. மடின்னு என்னைப் பெருமையாப் பேசுவார். கேட்டுண்டு இருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தாள். வெகு நாளைக்கு அப்புறம் அம்மா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை, பஸ்ஸில் மீன் கூடை வைத்திருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. கூட வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ திடீரென்று வெல்லம் சாப்பிட வேண்டும் போல இருந்தது. நாக்கில் எச்சில் ஊறியது. ஏன் என்று புரியாமல் எனக்கே சிரிப்பு வந்தது. சின்ன வயதுப் போட்டோக்களில் நான் யார் மடியிலாவது உட்கார்ந்திருப்பேன், இல்லையென்றால் தரையைப் பெருக்குகிற பாவாடை கட்டியிருப்பேன். அதற்கும் காரணம் கேட்டதில்லை. அம்மா என் கால்களை நீவிக்கொண்டே கீரை ஆய்ந்த அந்தப் பத்து மணி வெயில் இப்போது வேறு மாதிரி திரும்பி வந்தது. என் தோலில் அன்றைக்கு விழுந்த வெயில், தொண்டையில் இறங்கிய அந்த நாற்றம், இரண்டும் சேர்ந்து என் எலும்பில் சுண்ணாம்பைக் கொண்டுபோய் இறக்கியிருக்கின்றன. அதற்கு ஈடாக அம்மா பட்டினி கிடந்த சனிக்கிழமைதான் இன்று அவள் மாத்திரையை உள்ளே விடாமல் செய்தது. நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து அழுதேன். வகுப்பில் அழுகிற பிள்ளைகளைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

அழுது முடித்ததும் சொன்னேன். "இனிமே நீ சாப்பிடு. சனிக்கிழமை உபவாசம் நான் இருக்கேன்."

"அசடு. விரதத்தைக் கை மாத்திக் குடுக்க முடியுமோ?"

"குடிச்சவ யாரு? நானா, நீயா?"

அதே வேகத்தில் இன்னொன்றும் என் வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது. "இன்னொண்ணும் இருக்கும்மா. அந்த மாத்திரையோட மேல்தோல்… அது சுத்தம் கிடையாது. எனக்குத் தெரியும், உங்கிட்ட சொல்லலை."

அம்மா மேஜை மேல் இருந்த அட்டையை எடுத்து, நான் சனி என்று எழுதியிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபித்துக்கொண்டு தூக்கி எறிவாள் என்று நினைத்தேன்.

"சரி" என்றாள். "அதுக்கும் சேர்த்து இரு."

கிழமையை நாங்கள் மாற்றவில்லை. அடுத்த சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். தீர்த்தம் மட்டும் குடித்துவிட்டுப் போனேன். பதினோரு மணிக்கே வயிறு கத்தியது, முன் பெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கேட்டிருக்கும். எனக்குப் பெருமாளிடம் அம்மாவுக்கு இருக்கும் ஒட்டுதல் கிடையாது. பசி மட்டும் அசலாக இருந்தது. இதை ஐம்பது வருஷம் ஒருத்தி இருந்திருக்கிறாள், எங்களுக்கெல்லாம் நெய் ஊற்றிப் பரிமாறிக்கொண்டே இருந்திருக்கிறாள் என்று எண்ணியபோது கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு மணிக்குப் போன் வந்தது.

"சாப்பிட்டேன். பருப்புஞ்சாதம், நெய் விட்டுண்டேன். கெட்டித் தயிர். மாத்திரை போட்டுண்டாச்சு" என்றாள் அம்மா. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "நீ தண்ணியாவது குடிச்சியோ?" என்றாள்.

வெயிலுக்கும் ஒரு வழி பிறந்தது. மொட்டை மாடிக்கு லிஃப்ட் கிடையாது, அவளால் படி ஏற முடியாது. ஆனால் கீழே, கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்புறம், பத்தரை மணிக்கு மேல் கொஞ்ச நேரம் வெயில் முழுதாக விழுகிறது. பழைய வீட்டுக் கொல்லை இருந்த இடம்தான். கிணறு மூடிய இடத்தில் சிமெண்ட் தரை ஒரு வட்டமாக நிறம் மாறித் தெரியும். வாட்ச்மேன் அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவைப்பார். அம்மா லிஃப்டில் இறங்கிவந்து, முழங்கைக்கு மேல் ரவிக்கையைச் சுருட்டிவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலை நீட்டி உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவேன். தரையில் ஒரு பேப்பரை விரித்து உட்கார்ந்து, அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு நல்லெண்ணெய் தடவுவேன். எண்ணெய்க்கும் எலும்புக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் சொல்லியாயிற்று. "தெரிஞ்சா என்ன, தடவு" என்பாள். "இங்கதான் கல் இருந்தது, உன்னை உக்கார வைப்பேனே" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புதிதாகச் சொல்வது போலச் சொல்வாள்.

அடுத்த மூன்று மாசத்தில் டி ஏறியிருந்தது. அந்த நாலு சுரப்பிகளும் பதற்றத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருந்தன. காகிதத்தை என்னிடம் நீட்டிய டாக்டர், "இப்போ விரிவா சொல்லட்டுமா டீச்சர்?" என்று கேட்டுச் சிரித்தார். வேண்டாம் என்றேன். ஒருநாள் நான் சமையலறையில் இருக்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா தானாக நாற்காலியை விட்டு எழுந்து வந்திருந்தாள். "மோர் இருக்கா?" என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா பட்டுப்புடவை கட்டி, கைத்தடியோடு வாசல் பெஞ்சில் தயாராக உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கல்யாணத்துக்குப் போகிற களை. ஆட்டோ என்ற வார்த்தையை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. வீதியில் இறங்கினோம். வழக்கம் போல அம்மா நின்றுகொண்டு, தடியால் எனக்கு வழி காட்டினாள்.

"நீ முன்னாடி போ."

இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. நாலடி நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கண் என் முகத்தில் இல்லை, வீதியிலும் இல்லை. புடவைக் கரைக்குக் கீழே என் கால்களை, இடது வலது என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போன காலம் முழுவதும், கல்யாண வீடுகளுக்குப் போன காலம் முழுவதும், என் பின்னால் வந்துகொண்டிருந்த பார்வை அதுதான்.

திரும்பி வந்து அவள் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"என்னடி?"

"நீ முன்னாடி போம்மா" என்றேன். "நான் பார்த்துண்டு வரேன்."

அம்மா தடியை ஊன்றி, வடக்கு வாசலைப் பார்த்து முதல் அடி வைத்தாள். நான் அவள் கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.